கேள்வி கேட்காத சிடி

உக்காருங்க சார், உக்காருங்க. அந்த பெஞ்சுல ஒரு கால் ஆடும், இந்தப் பக்கமா நகந்து உக்காருங்க. இல்ல, நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம், மூச்சு வாங்கிக்குங்க. வெயில்ல வந்திருக்கீங்க, மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. ‘விசாரணை’ன்னு போர்டு மாட்டி அதுக்குக் கீழ என்னை உக்கார வச்சிருக்காங்களே, அதப் பாத்துட்டு நான் என்னமோ விசாரணைக்குன்னே பொறந்தவன்னு நினைச்சிடாதீங்க. நான் கவுண்டர் ஆளே இல்ல சார். ஆறு வருஷம் இந்த நகராட்சி ஆபீஸ்ல சிஸ்டம் பாத்தவன். தெய்வசிகாமணின்னு யாரை வேணா கேட்டுப் பாருங்க, மாடி வரைக்கும் தெரியும்.

கவுண்டர்னாலே எனக்கு ஆகாது. ஆரம்பத்துல மூணு வருஷம் வெளியில உக்காந்து பாத்தேன். ஒரு நாளைக்கு நூறு பேரு வருவாங்க, நூறு பேரும் கேட்டதையே கேப்பாங்க. பிறப்புச் சான்றிதழுக்கு எந்த ரூமு, பேர் சேக்க என்ன வேணும், சார் எப்ப வருவாரு. ராத்திரி சோறு திங்க உக்காந்தா, வீட்டுக்காரி “குழம்பு ஊத்தட்டுமா?”ன்னு கேட்டாக்கூட எனக்கு எரிச்சலா வரும். “போய் மாடியில கேளு”ன்னு ஒருநாள் சொல்லியே புட்டேன். அவ இன்னிக்கு வரைக்கும் அதச் சொல்லிக் காட்டுறா.

அந்த நேரத்துலதான் ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வந்துச்சு. பத்தொன்பது மிஷினு. தொடவே எல்லாருக்கும் பயம். பத்து நாள் பயிற்சிக்கு ஆள் அனுப்பணும்னாங்க, நான் கைய தூக்கிட்டேன். படிக்கிற ஆசையில இல்ல சார், பத்து நாள் கவுண்டர்ல உக்கார வேணாமேன்னுதான். உங்ககிட்ட மறைக்கிறதுக்கு என்ன இருக்கு. திரும்பி வந்தப்ப நான் ‘சிஸ்டம் சார்’. மேலாளர் பரஞ்சோதி எனக்கு உள்ளாற தனியா ஒரு மேஜை போட்டுக் குடுத்தாரு. சுழலுற நாற்காலி வேற.

இப்ப உங்களுக்கு ஒண்ணு புரியணும். இருங்க இருங்க, முடிச்சிடறேன். கம்ப்யூட்டரோட அப்ப ஒரு சிடி குடுத்தாங்க. விண்டோஸ் எக்ஸ்பி போடற சிடி, முதமுத வந்த சரக்கு. அதுல அங்கங்க ஓட்டை. தையக்காரன் சட்டைய தைச்சுக் குடுத்துட்டு, “கிழிஞ்ச இடத்துக்கு ஒட்டுத்துணி பின்னாடி அனுப்புறேன்”னு சொன்னா எப்படி இருக்கும்? அதுமாதிரி கம்பெனிக்காரன் வருஷம் பாத்து ஒட்டுத்துணி அனுப்புவான். அதுக்குப் பேருதான் சர்வீஸ் பேக்கு. ஒண்ணு வந்துச்சு, ரெண்டு வந்துச்சு, அப்புறம் மூணு.

மிஷின்ல வைரஸ் ஏறிடுச்சுன்னா ஃபார்மேட் அடிக்கணும், அதாவது உள்ள இருக்கறத அழிச்சுட்டு புதுசா போடணும். முதல்ல பழைய சிடி, அது ஒரு மணி நேரம். நடுநடுவுல கேள்வி கேக்கும். எந்த நாடு, மணி என்ன, உங்க பேரென்னன்னு. அது முடிஞ்சா ரெண்டாவது சர்வீஸ் பேக்க ஏத்தணும், அது ஏறாம மூணாவது ஏறாது. அதுக்கு அப்புறம் குட்டிகுட்டியா எண்பது ஒட்டு, நெட்டுலேருந்து. ஓட்டைய அடைக்கிறதுக்கு முந்தி நெட்டு ஒயர மாட்டிப்புட்டீங்கன்னா தீந்துச்சு கதை. ‘அறுபது செகண்டுல அணைஞ்சிடுவேன்’னு ஒரு பெட்டி வரும். செக்‌ஷனே எழுந்து வந்து சுத்தி நின்னு அம்பத்தொம்போது, அம்பத்தெட்டுன்னு எண்ணுவாங்க. அணைஞ்சதும் கை தட்டுவாங்க. மறுபடி முதல்லேருந்து ஆரம்பிப்பேன்.

ஒழுங்கா செஞ்சா ஒரு மிஷினுக்கு ரெண்டு நாள். அஞ்சு மணி நேரத்துல முடியும்பான் வெளியாளு. அவசரப்பட்டா மிஷின் சூடாயிடும் சார், நான் பொறுப்பா செய்யிறவன். பத்தொன்பது மிஷினுக்கு முப்பத்தெட்டு வேலை நாள். சனி, ஞாயிறு, பண்டிகை, எலெக்‌ஷன் வேலை எல்லாம் போக மூணு மாசம். பத்தொன்பதாவது மிஷின முடிக்கிறப்ப முதல் மிஷின்ல மறுபடி வைரஸ் வந்திருக்கும். திரும்ப ஆரம்பிப்பேன். ஆறு வருஷம் இப்படி ஓடிச்சு சார், ஒரு நாள் வேலை இல்லாம இருந்தது கிடையாது.

எல்லாருக்கும் என்மேல அவ்வளவு பிரியம். ஏன்னு கேளுங்க. கேக்க வேணாம், நானே சொல்றேன். மிஷின் ரெண்டு நாள் படுத்துச்சுன்னா அந்த மிஷின்காரரும் ரெண்டு நாள் ஃப்ரீதானே. கையெழுத்தப் போட்டுட்டுக் கிளம்பிடலாம். அதனால என்கிட்ட தேதி கேட்டு வருவாங்க. “தெய்வசிகாமணி சார், இருபதாந்தேதி கொழுந்தியா வீட்டு கிரகப்பிரவேசம், வியாழன் வெள்ளி நம்ம சிஸ்டத்துக்குப் போடுங்களேன்”னு. நான் ஒரு நோட்டு வச்சிருந்தேன். காதுகுத்து, வளைகாப்பு, திருப்பதி, எல்லாம் குறிச்சு வச்சு அதுக்கு ஏத்தாப்புல ஃபார்மேட் தேதி குடுப்பேன். மேலாளர் பொண்ணு நிச்சயதார்த்தத்துக்கு முதல்ல ஃபார்மேட் தேதிய கேட்டுட்டுத்தான் மண்டபம் புடிச்சாரு. அதுக்காக ஒருத்தர்கிட்ட பத்து பைசா வாங்கினது கிடையாது சார். டீ வாங்கிக் குடுப்பாங்க. டீய வேணாம்னா சொல்ல முடியும்?

வெளியில ஜனங்க நிப்பாங்கதான். ‘சிஸ்டம் ஒர்க் ஆகவில்லை’ன்னு அட்டையில எழுதித் தொங்க விட்டிருந்தோம். என் கையெழுத்துதான், முத்து முத்தா இருக்கும்.

சில பேரு குறை சொல்லாம இல்ல. ரெக்கார்டு ரூம் சவரிமுத்து, அவன் சம்சாரம் செத்ததுக்கு அப்புறம் அந்தம்மா போட்டோவெல்லாம் ஆபீஸ் மிஷின்ல போட்டு வச்சிருந்திருக்கான். எனக்கு எப்படித் தெரியும்? நான் அடிச்சுட்டேன். “அடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே சார்”னான். கேட்டுகிட்டெல்லாம் ஃபார்மேட் அடிக்க முடியுமா? கவர்மெண்டு மிஷின்ல சொந்த போட்டோ வைக்கக் கூடாதுன்னு சொல்லிட்டேன். அதுலேருந்து அவன் என்கூட பேசுறதில்ல. நான் அத மனசுல வச்சுக்கல.

இப்படி போய்க்கிட்டிருந்த ஆபீஸ்லதான் அம்சவேணி மேடம் மாறுதல்ல வந்தாங்க. பிறப்பு இறப்பு செக்‌ஷனுக்கு. நாப்பத்தஞ்சு வயசு இருக்கும். சாதாரணமா ஒரு சேலை, ஒரு ஒயர் கூடை. பாத்தா ஒண்ணும் தெரியாது சார். வந்த ரெண்டாவது வாரம் அவங்க மிஷின்ல வைரஸ். நான் பெருந்தன்மையா வியாழன் வெள்ளி குடுத்தேன், சனி ஞாயிறோட சேந்து நாலு நாள் வருமேன்னு. அந்தம்மா என்ன சொன்னாங்க தெரியுமா?

“ரெண்டு நாளா? வேணாம் சார். அவ்வளவு மனுவும் தேங்கிடும். அப்புறம் நான்தான் உக்காந்து முடிக்கணும். அஞ்சு நாப்பது பஸ்ஸ விட்டா எனக்கு ஊருக்கு வண்டி கிடையாது. ஏன் சார், அந்த சர்வீஸ் பேக்கையெல்லாம் சிடியிலயே சேத்துடலாமே?”

நான் சிரிச்சேன். மேடம், இது என்ன சாம்பார் பொடியா, எல்லாத்தையும் ஒண்ணா அரைச்சு டப்பாவுல போட்டு வச்சுக்கன்னு கேட்டேன். செக்‌ஷனே சிரிச்சுது. அவங்களும் சிரிச்சாங்க.

திங்கக்கிழமை ஒரு சிடியோட வந்தாங்க. மார்க்கர் பேனாவால ‘மூணும் சேர்த்தது’ன்னு எழுதியிருந்துச்சு. அவங்க வீட்டுக்காரரு ஊர்ல நெட் சென்டர் வச்சிருக்காராம், அங்க உக்காந்து பண்ணுனாங்களாம். “பழைய சிடியில இருக்கிறத அப்படியே ஒரு ஃபோல்டர்ல எடுத்துப் போட்டேன் சார். சர்வீஸ் பேக்க அதும்மேல ஏத்துனேன், அது தானா உள்ள போய் பழசையெல்லாம் மாத்திடுது. அப்புறம் திரும்ப சிடியா ரைட் பண்ணிட்டேன். தானா ஸ்டார்ட் ஆவுற மாதிரி ரைட் பண்ணணும், அதுல மட்டும் ரெண்டு சிடி வீணாப் போச்சு”ன்னாங்க. ஏதோ மாவு ஊத்தி தோசை சுட்டேங்கிற மாதிரி.

நான் பக்கத்துல நின்னு கடிகாரத்தப் பாத்தேன். உங்ககிட்ட சொல்றேன், நடுவுல கரண்டு போகணும்னு வேண்டிக்கிட்டேன். போகல. மத்த நாள்ல எல்லாம் போகும் சார், அன்னிக்குன்னு போகல. அம்பது நிமிஷம். சர்வீஸ் பேக்கு மூணும் உள்ளாறயே இருக்கு. ஒயர மாட்டுனாங்க. அறுபது செகண்டு பெட்டி வரும் வரும்னு எல்லாரும் சுத்தி நின்னோம். வரல. அந்தம்மா நாற்காலிய இழுத்துப் போட்டுகிட்டு முதல் மனுவ எடுத்துட்டாங்க.

அதோட விட்டிருக்கலாமில்ல? சாப்பாட்டு நேரத்துல ஒவ்வொரு மிஷினா போட்டாங்க சார். போடறதுக்கு முன்னாடி ஒவ்வொருத்தர்கிட்டயும், “இதுல உங்களோடது ஏதாவது இருக்கா, எடுத்து வச்சிடட்டுமா?”ன்னு கேட்டுக் கேட்டு. ஒன்றரை வாரத்துல பதினெட்டு மிஷின். கமிஷனர் ரூம் மிஷின் மட்டும் பாக்கி.

ஆபீஸ்ல எழவு விழுந்த மாதிரி ஆயிப்போச்சு. நோட்டுல குறிச்சு வச்ச தேதியெல்லாம் அவுட்டு. மேலாளர் மண்டபத்துக்கு அட்வான்ஸ் குடுத்துட்டு, பொண்ணு நிச்சயத்துக்கு சொந்த லீவு போட்டாரு. சொந்த லீவு சார்! பொறந்த நாள்லேருந்து சேத்து வச்ச லீவு. சாப்புடுற ரூம்ல எல்லாரும் என்னைத்தான் பாத்தாங்க, நான் ஏதாவது செய்யணும்னு.

அதுக்குள்ள விஷயம் கமிஷனர் காதுக்குப் போயிடுச்சு. கூப்பிட்டாரு. “தெய்வசிகாமணி, அந்தம்மா அம்பது நிமிஷத்துல போடறாங்களாமே. நீங்க ஆறு வருஷமா என்ன பண்ணிகிட்டிருந்தீங்க? வெளியில விசாரணை கவுண்டர் காலியா கிடக்கு”ன்னாரு.

மறுபடி கவுண்டரு. மறுபடி நூறு பேரு. அப்பத்தான் வாயில தானா வந்துச்சு: “சார், மேடம் போட்ட சிடி நல்ல சிடிதான். ஆனா அது கேள்வி கேக்குது சார். எந்த நாடு, என்ன பேரு, எந்த டிரைவுல போடட்டும்னு. பக்கத்துல ஒரு ஆளு உக்காந்து பதில் சொல்லணும். நான் பண்ணப்போற சிடி ஒரு கேள்வி கேக்காது. போட்டுட்டு நாம வீட்டுக்குப் போயிடலாம். உங்களமாதிரி ஒரு அதிகாரிகிட்ட ஒரு மிஷினு வந்து கேள்வி கேக்கறதாவது?”

அது அவருக்குப் புடிச்சிருந்துச்சு. “பத்து நாள் தர்றேன்”னாரு.

சார், என் வாழ்க்கையில நான் வேலை பாத்தேன்னா அந்தப் பத்து நாள்தான். மேடம் சிடியவே ஒரு காப்பி எடுத்துகிட்டேன். அவங்ககிட்ட கேக்கல, எதுக்குக் கேக்கணும்? நெட்டுல தேடித் தேடிப் படிச்சேன். சிடி கேக்கப்போற கேள்விக்கெல்லாம் முன்கூட்டியே பதில் எழுதி ஒரு ஃபைல்ல உள்ள வச்சிடலாம். நாடு, எழுதுனேன். மணி, எழுதுனேன். உள்ள இருக்கறத அழிக்கட்டுமா? ஆமா. பழைய பிரிவு எல்லாத்தையும் எடுத்துடட்டுமா? ஆமா. எல்லாத்துக்கும் ஆமா. கடைசியா ஒண்ணு இருந்துச்சு. சிடி கிளம்பும்போது ‘ஏதாவது ஒரு பட்டனை அழுத்துங்க’ன்னு கேக்கும். அதுவும் கேள்விதானே? அதுக்கு ஒரு குட்டி ஃபைல அழிச்சா போதும்னு போட்டிருந்தான். அழிச்சுட்டேன். என் போட்டோவ கூட உள்ள வச்சேன் சார், மிஷினப் பத்தின விவரத்த தொறந்தா பேரோட தெரியிற மாதிரி. ஸ்டுடியோவுக்குப் போய் எடுத்த போட்டோ.

பத்தாவது நாள் சாயங்காலம், கமிஷனர் ரூம். அம்சவேணி மேடமும் இருந்தாங்க. “சார், டி டிரைவுல இருக்கறத எடுத்து வச்சுட்டீங்களா?”ன்னு கமிஷனரப் பாத்துக் கேட்டாங்க. கமிஷனர் என்னைப் பாத்தாரு. டிக்கு ஒண்ணும் ஆகாது சார், ஆறு வருஷமா ஆனதில்லன்னேன். அது உண்மை. மிஷினுக்குள்ள சி, டின்னு ரெண்டு பிரிவு, ஆறு வருஷமா நான் சி மட்டும்தானே அடிச்சேன். சிடிய உள்ள தள்ளினேன். ஒரு கேள்வி கேக்கல சார்! கமிஷனர் சிரிச்சுகிட்டே ரூமப் பூட்டச் சொன்னாரு. எல்லாரும் வீட்டுக்குப் போயிட்டோம். வழியில பூ வாங்கிட்டுப் போனேன். வீட்டுக்காரி எதுக்குன்னு கேட்டா. அன்னிக்கு எனக்கு எரிச்சல் வரல.

காலையில பத்து மணிக்கு ரூமத் தொறந்தா, மிஷின் ஓடிக்கிட்டே இருக்கு. அழிக்கிது, காப்பி பண்ணுது, ரீஸ்டார்ட் ஆவுது. ஆனதும் மறுபடி சிடியிலேருந்தே கிளம்புது. பட்டன அழுத்துங்கன்னு கேட்டு, யாரும் அழுத்தலைன்னாத்தானே சிடிய விட்டுட்டு மேல போகும்? நான்தான் அத எடுத்துட்டேனே. மறுபடி அழிக்கிது, மறுபடி காப்பி. பதினேழு மணி நேரமா ஓயாம அழிச்சுகிட்டே இருந்திருக்கு சார்.

சி போச்சு. டியும் போச்சு, எல்லாப் பிரிவையும் எடுத்துடுன்னு நான்தானே ‘ஆமா’ எழுதி வச்சேன். டியில என்ன இருந்துச்சுங்கறீங்க? கவிதை. கமிஷனர் எழுதுன கவிதை, முந்நூத்துப் பன்னெண்டு. அடுத்த மாசம் புத்தகமா வருது, அழைப்பிதழ் அடிச்சாச்சு. பிரஸ்ஸுக்குக்கூட இன்னும் குடுக்கல, வேற காப்பியே கிடையாது.

அந்த மனுஷன் திட்டலை சார். திட்டியிருந்தா தேவல. உடனே ஸ்டாஃப் மீட்டிங் போட்டாரு. மூணு வருஷமா ஒவ்வொரு மீட்டிங்லயும் நாலு நாலு கவிதையா எங்களுக்குப் படிச்சுக் காட்டியிருக்காரு, நாங்களும் கை வலிக்கத் தட்டியிருக்கோம். அதனால, “யாருக்கு எது ஞாபகம் இருக்கோ சொல்லுங்க, நான் எழுதிக்கிறேன்”னு பேப்பரும் பேனாவுமா உக்காந்தாரு. பத்தொன்பது பேரு. அரை மணி நேரம். ஒருத்தருக்கும் ஒரு வரி ஞாபகம் வரல. மேலாளர் மட்டும், “மழையப் பத்தி ஒண்ணு வரும் சார்”னாரு. “என்ன வரும்?”னு கேட்டாரு. “மழை வரும் சார்.” அவ்வளவுதான். கமிஷனர் பேனாவ மூடிட்டாரு. அவர் மூஞ்சியப் பாக்க எனக்கே பாவமா இருந்துச்சு.

அன்னிக்கே ஆர்டர். விசாரணை கவுண்டர்.

அதக்கூட நான் தாங்கிகிட்டேன் சார். தப்பு நடந்துபோச்சு, மேடம் வந்து என் நாற்காலியில உக்காருவாங்க, ஒருநாள் அவங்களுக்கும் இதே கதிதான்னு மனச தேத்திகிட்டேன். அதுதானே உலக வழக்கம். கமிஷனரும் அவங்களக் கூப்பிட்டு, “இனிமே சிஸ்டத்த நீங்க பாருங்க. உள்ளாற போய் அந்த மேஜையில உக்காருங்க”ன்னாரு. நான் வாசல்ல நின்னு கேட்டுகிட்டிருக்கேன்.

“அதுக்கு எதுக்குங்க சார் தனியா ஒரு ஆளு? சிடி டிராயர்ல இருக்கு. கெட்டுப்போனா யாரு வேணா போட்டுக்கலாம். எனக்கு மனு கிடக்கு”ன்னுட்டுப் போயிட்டாங்க.

ஆள் எதுக்குன்னாங்க சார். கோபமா சொன்னாக்கூட பரவால்ல, நிஜமாவே சந்தேகமா கேட்ட மாதிரி சொன்னாங்க. என் இடத்த அந்தம்மா புடுங்கிகிட்டிருந்தா எனக்கு ஆறியிருக்கும். எதிரி இருக்காங்கன்னு இருந்திருக்கும். இப்ப அந்த நாற்காலிய தூக்கி மீட்டிங் ஹால்ல போட்டுட்டாங்க. மேஜை மேல தண்ணி கேன் வச்சிருக்காங்க. அன்னிக்கு பைக் ஸ்டாண்டுல நின்னு அழுதேன் சார். அம்பத்திரெண்டு வயசுல. ரெக்கார்டு ரூம் சவரிமுத்துதான் பாத்தான். பாத்துட்டு, ஒண்ணும் கேக்காமப் போயிட்டான்.

சரி, என் கதை கிடக்கட்டும். ரொம்ப நேரமா நானே பேசிகிட்டிருக்கேன். நீங்க சொல்லுங்க. எந்த செக்‌ஷன் தேடி வந்தீங்க, என்ன மனு, எந்த ரூமுன்னு தெரியணுமா?

தெரியுமா? எப்படி?

ஓ. வாசல்லயே எழுதி ஒட்டியிருக்கா. எந்த ரூமு, என்ன பேப்பரு, எத்தன நாளு, எல்லாமே வரிசையாவா? யாரு... அது சரி. போன வாரம் அம்சவேணி மேடம் ஏதோ டைப் அடிச்சுகிட்டிருந்தாங்க. நான் பைக் ஸ்டாண்டு வழியா உள்ள வர்றவன், வாசப்பக்கம் போயே பாக்கல. அதான் சார், நாலு நாளா இங்க ஒரு ஈ காக்கா வரல. மாரியம்மன் திருவிழாவாச்சே, அதனாலன்னு நினைச்சேன்.

அப்ப நீங்க இங்க எதுக்கு உக்காந்தீங்க? டோக்கன் கூப்பிடற வரைக்குமா. ஃபேன் காத்து வருதுன்னா. சரி சரி. நல்லா உக்காருங்க, அதனால என்ன.

கூப்பிட்டுட்டாங்களா? உங்க நம்பர்தானா? போங்க, போங்க, விட்டா அடுத்த ஆள கூப்பிட்டுடுவாங்க.

சார், ஒரு நிமிஷம். உள்ள போனதும் பேனா எங்க இருக்கு, கையெழுத்து எங்க போடணும், ஏதாச்சும் சந்தேகம் இருக்குமே. எதுவா இருந்தாலும் பரவால்ல. ஏதாவது ஒண்ணு கேட்டுட்டுப் போங்க சார்.